காஜாக்காவின் அரை அங்குலம்

18.06.1972 – 1.80
09.02.1973 – 2.05
21.10.1973 – 2.30
30.07.1974 – 2.65
14.03.1975 – 2.95
11.01.1976 – 3.40
05.09.1976 – 3.75
19.10.1976 – 3.75
03.10.1982 – 7.90

இவை ஒரே ஒரு போர்வைக்கு ஆன பார்சல் கூலி. போனதற்கு அஞ்சலகம் கொடுத்த ரசீது இருக்கிறது. வந்ததற்கு, மேலுறையில் ஒட்டியிருந்த தபால்தலைகளைக் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஒன்பது முறையும் அதே போர்வை, அதே பழைய தலையணை உறைக்குள் மடிந்து, ஒன்றரை நாள் ரயிலில் போய் வந்தது. முதல் ஏழு முறையும் ஒவ்வொரு சுற்று பெரிதானது, எடையும் ஏறியது. எட்டாவது வரியில் மட்டும் கூலி ஏறவில்லை. போனது போனபடியே திரும்பி வந்த பார்சல் அது. அதன் பிறகு ஆறு வருடம் போர்வை எங்கும் போகவில்லை.

காஜாக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. சட்டைப் பொத்தான் நுழையும் துளையைத் தையல்காரர்கள் காஜா என்பார்கள். தெருமுனைத் தையல்கடையில் தைக்கிற சட்டைகளுக்கெல்லாம் வீட்டிலிருந்தபடியே காஜா எடுத்துப் பொத்தான் வைத்துக் கொடுத்தவள் அவள். கடைக்காரர் சாக்குக்கட்டியால் புள்ளி வைத்து அனுப்புவார். புள்ளி இருக்கும் இடத்தில் அவள் ஊசி இறங்கும். அளவெடுக்கிற வேலை அவளுக்குக் கிடையாது. பின்னால் நடந்ததற்கெல்லாம் காரணம் இதுதான் என்று அவளே சொல்வாள்.

கல்யாணமாகி அவள் வந்த வீடு, சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறை. கணவர் அச்சகத்தில் காகிதக் கிடங்கு பார்ப்பவர். துண்டுச் சீட்டு ஒன்றைக்கூட எறிய மாட்டார். மாமனார் மாமியார் இருவரும் காலமாகிவிட்டிருந்தார்கள். மிச்சம் இருந்தது கணவரின் தங்கை ஒருத்திதான், பதினைந்து வயது. அண்ணன் அவளை வாலு என்று கூப்பிட்டார். பார்த்த மாத்திரத்திலேயே பொருத்தமான பெயர்தான் என்று காஜாக்காவுக்குத் தோன்றியது.

முதல் நாள் வாலு கதவுநிலையில் சாய்ந்து நின்று, புது அண்ணியை மேலும் கீழும் பார்த்தாள்.

"உங்களுக்கு என்ன வேலை தெரியும் அண்ணி?"

"காஜா எடுப்பேன்."

"அது துணியில ஓட்டை போடுறதுதானே? எலிகூடப் போடும்."

"எலி போட்ட ஓட்டையில உங்க அண்ணன் பொத்தான் மாட்டிட்டு ஆபீஸ் போவாரான்னு கேளு."

உள்ளே அண்ணன் சிரித்துவிட்டார். வாலுவுக்கு மூக்கறுந்தது போலாயிற்று. ஆனால் அன்று மாலையே பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தாள்.

போர்வை பிறந்தது குளிரால்தான். முன்னறை ஜன்னலின் ஒரு பலகை மூடாது. மழைமாதத்தில் ஈரக்காற்று நேரே உள்ளே வரும். வீட்டில் நல்ல கம்பளி ஒன்றுதான். தையல்கடையிலோ வெட்டி விழுந்த துணித்துண்டுகள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. கடைக்காரர் ஒரு மூட்டையைத் தள்ளிவிட்டு, அடுப்பு பற்றவைக்க ஆகும், கொண்டுபோங்கள் என்றார். அந்த மூட்டையை வாலு தரையில் கொட்டினாள். நீலம், பழுப்பு, கோடு போட்டது, கட்டம் போட்டது, யாருடைய சட்டையிலோ மிஞ்சிய கிளிப்பச்சை எல்லாம் சரிந்து விழுந்தன. இதை எரிக்கவா என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். அவர்கள் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

இரண்டு பேருக்குமே அந்த வேலை தெரியாது. முதல் முயற்சியில் கைக்குக் கிடைத்த துண்டையெல்லாம் அப்படியே சேர்த்துத் தைத்தார்கள். அது நாலு பக்கமும் கோணி, காய்ந்த அப்பளம் போல நெளிந்தது. பிரித்தார்கள். அடுத்த முறை அண்ணன் கிடங்கிலிருந்து தடித்த அட்டை ஒன்று கொண்டுவந்தார். அதைச் சதுரமாக வெட்டி, அதை வைத்தே எல்லாத் துண்டையும் வெட்டினார்கள். இந்த முறை நேராக வந்தது. ஆனால் நடுவில் ஒரு சிவப்புத் துண்டு. முதல் முறை நீரில் போட்டதுமே அது சாயம் விட்டு, சுற்றியிருந்த வெள்ளையையெல்லாம் கெடுத்துவிட்டது. மறுபடி பிரித்தார்கள். அன்றிலிருந்து எந்தத் துணியும் மூன்று நாள் நீரில் ஊறி, நல்லவன் என்று பெயர் வாங்கிய பிறகே ஊசியைப் பார்க்கும்.

துன்பங்கள் சொல்லி மாளாது. குண்டூசி எங்கே விழுந்தாலும் அண்ணனின் காலில்தான் ஏறும். வீட்டிலிருந்த பழைய தையல் மெஷினின் எண்ணெய் எப்போதும் வெள்ளைத் துணியைத்தான் தேடிப் போகும். மூன்று மணி நேரம் குனிந்து தைத்து, பெருமையோடு ஒருநாள் காஜாக்கா எழுந்து நின்றபோது போர்வையும் கூடவே எழுந்து நின்றது. கட்டியிருந்த பாவாடையையும் சேர்த்துத் தைத்திருந்தாள். வாலு தரையில் புரண்டு புரண்டு சிரித்தாள். கீழே சைக்கிள் கடைக்காரர் என்னவோ ஏதோவென்று மாடிப்படியில் பாதிவரை ஏறி வந்துவிட்டார்.

முன்னறை பத்தடிக்கு ஒன்பதடி. போர்வையை விரித்துப் பார்க்க வேண்டுமென்றால் கட்டிலைத் தூக்கிச் சுவரில் சாய்த்து நிறுத்த வேண்டும். அந்த நேரம் முழுக்க அண்ணனுக்கு இடம் வெளி நடைதான். செய்தித்தாளைப் பிடித்தபடி நின்றுகொண்டே, துணி காலை நீட்டிப் படுத்திருக்கிறது, வீட்டுக்காரன் நிற்கிறான் என்பார். ஆனால் எட்டிப் பார்க்காமல் இருக்க மாட்டார். இந்தத் துண்டு என் கல்யாணச் சட்டையா, அந்தத் துண்டு வாலுவின் பள்ளிக்கூடப் பாவாடையா என்று கேட்பார். விரல் வைத்துக் கேட்க வேண்டுமென்றால் மட்டும் கை கழுவிவிட்டு வந்திருக்க வேண்டும்.

அந்தப் பிற்பகல்களை நினைத்தால் காஜாக்காவுக்கு இன்றும் மெஷின் எண்ணெய் வாசனைதான் முதலில் வரும். மாடி ஜன்னல் வெயில் தரையில் சதுரமாக விழும். வாலு அந்தச் சதுரத்துக்குள் துண்டுகளை அடுக்குவாள். அடுக்கி முடிப்பதற்குள் வெயில் நகர்ந்துவிடும். துண்டுகளையும் கூடவே நகர்த்துவாள். எந்த நீலத்துக்குப் பக்கத்தில் எந்தப் பழுப்பு என்று ஒரு மணி நேரம் வாக்குவாதம் நடக்கும். கடைசியில் இரண்டு பேர் சொன்னதும் இல்லாமல் மூன்றாவது ஒன்று உட்கார்ந்து, அதுதான் அழகாக இருக்கும்.

ஐந்து வருடத்தில் முப்பது அங்குலம் வந்தது. அதாவது, போர்வையின் நடுப்பகுதி மட்டும். இந்த வேகத்தில் போனால் பேரப்பிள்ளைகளுக்கு முழங்கால் வரைக்கும் எட்டும் என்று அண்ணன் கேலி செய்தார். அப்போது எல்லோருமே சிரித்தார்கள்.

1972-ல் வாலுவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை ரயில் என்ஜினில் வேலை பார்ப்பவர். ஒன்றரை நாள் பயணத்தில் இருந்தது அவர் ஊர். இங்கே இருந்ததைப் போல இரண்டு பங்கு குளிர் அங்கே. பெட்டி கட்டும்போது போர்வையை யார் வைத்துக்கொள்வது என்ற பேச்சு வந்தது. ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டார்கள். அண்ணன் நியாயம் சொல்வதாக நினைத்து, நடுவில் வெட்டிக்கொள்ளுங்களேன் என்றார். அதுவரை சண்டை போட்டவர்கள் இருவரும் சேர்ந்து அவர் பக்கம் திரும்பினார்கள். அவர் நடைக்குப் போய்விட்டார்.

ஏற்பாடு செய்தவள் வாலுதான். போர்வை ஊர் விட்டு ஊர் போய் வரட்டும். ஒரு முறை அண்ணி சுற்றிலும் ஒரு கரை வைத்து அனுப்புவாள், அடுத்த முறை வாலு இன்னொரு கரை வைத்து அனுப்புவாள். கடைசிக் கரை எந்த வீட்டில் விழுகிறதோ, அங்கேயே பஞ்சு வைத்து முடித்து, போர்வை அந்த வீட்டுக்கே சொந்தம். கடைசிக் கரை எது என்று யார் சொல்வது என்பதை மட்டும் இருவருமே பேசவில்லை. பேச விரும்பவில்லை.

ரயிலடியில்தான் வாலுவுக்கு அளவு நாடாவின் நினைவு வந்தது. வீட்டில் இருந்தது ஒன்றே ஒன்று, ஒரு பக்கம் மட்டும் எண் அச்சிட்ட மஞ்சள் நாடா, அறுபது அங்குலம். கைப்பையில் கிடந்த அதை எடுத்து, வண்டி ஊதிய நேரத்தில், காஜாக்கா நூல்வெட்டும் கத்தரியால் நடுவில் ஒரு வெட்டு வெட்டினாள். முதல் பாதி அவளுக்கு. பின்பாதியை ஜன்னல் கம்பி வழியே வாலுவின் கையில் திணித்தாள்.

"எண்ணைப் பார்த்துக் குழப்பிக்காதே. ஒரு துண்டுன்னா முப்பது. அவ்வளவுதான்."

"அழாம சொல்லுங்க அண்ணி, காது கேக்கல."

வண்டி நகர்ந்துவிட்டது.

பார்சல் போய்ச் சேர நாளாகும். அதனால் அவர்களாகவே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். கரை வைத்து முடித்தவள், போர்வையின் பக்கம் இப்போது இத்தனை அங்குலம் என்று ஒரு அஞ்சலட்டையில் எழுதி முன்கூட்டியே போட்டுவிடுவாள். அது கிடைத்ததும் மற்றவள் அந்த அளவுக்குத் துண்டுகளைக் கோத்து, மூலைச் சதுரமும் சேர்த்து, நாலு பட்டைகளைத் தயாராக வைத்திருப்பாள். பார்சல் வந்து இறங்கியதும் உட்கார்ந்து தைக்க வேண்டியதுதான். அளப்பது ஒரு வீட்டில், வெட்டுவது இன்னொரு வீட்டில். இதைவிடக் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு உலகத்தில் இல்லை என்று இருவரும் நினைத்தார்கள்.

முதல் இரண்டு கரைகளில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது கரையில் பட்டை நீண்டுவிட்டது. ஓரத்தை வெட்டினால் மூலைச் சதுரம் கெட்டுப்போகும். காஜாக்கா இரு முனையிலும் குண்டூசி குத்தி, நடுவில் மிஞ்சியதைப் பரவலாகச் சுருக்கித் தைத்தாள். விரித்துப் பார்த்தபோது கரை அலையடித்தது. நான்காவது கரையில் அங்கே வாலுவுக்குப் பட்டை எட்டவில்லை. அவள் இழுத்துப் பிடித்துத் தைத்தாள். விளிம்பு இறுகி, நடு மேலெழும்பி வந்தது. போர்வைக்குத் தொப்பை விழுந்துவிட்டது.

அஞ்சலட்டைகளில் காரம் ஏறியது. உன் கரை இடுப்புவாரைப் போல இறுக்குகிறது, மாப்பிள்ளை வீட்டில் துணிக்குப் பஞ்சமா என்று காஜாக்கா எழுதினாள். நீங்கள் அனுப்பும் அளவே தப்பு, உங்கள் கரை கல்யாண வீட்டுத் திரை மாதிரி தொங்குகிறது என்று வாலு பதில் எழுதினாள். ஆனால் அதே அட்டையின் ஓரத்தில், பொடி எழுத்தில், ஐந்தாவது துண்டு அந்தக் கிளிப்பச்சைதானே, இத்தனை நாள் எங்கே ஒளித்து வைத்திருந்தீர்கள், பார்த்ததும் கண் கலங்கிவிட்டது என்றும் இருக்கும். அண்ணன் ஒவ்வொரு அட்டையையும் உரக்கப் படிப்பார். காஜாக்கா காஜா எடுத்தபடியே கேட்பாள். திட்டு வரும் இடத்தில் உதடு மடியும், ஓரத்துப் பொடி எழுத்து வந்ததும் ஊசி நிற்கும்.

இரண்டு வீட்டிலும் நாட்கள் ஓடின. வாலுவுக்கு ஒரு பெண் பிறந்தது. காஜாக்காவுக்குப் பிள்ளை இல்லை. இரண்டு முறை உண்டாகி இரண்டு முறையும் தங்கவில்லை. அதைப் பற்றி அந்த வீட்டில் பேச்சு எடுப்பதில்லை. பேரப்பிள்ளைகளுக்கு முழங்கால் வரைக்கும் என்ற கேலியை அண்ணன் நிறுத்திப் பல வருடமாகியிருந்தது.

1976 ஜனவரியில் வந்த பார்சலில் ஆறாவது கரை இருந்தது. சுற்றிலும் மஞ்சளில் சிறு பூப்போட்ட துணி. கூடவே ஒரு துண்டுச் சீட்டு. பாப்பா போட்டுக் கிழித்த சட்டைகள், இனி அவளுக்குச் சேராது, அதனால் கரையில் வைத்திருக்கிறேன் என்று வாலு எழுதியிருந்தாள்.

கட்டிலைத் தூக்கி நிறுத்திப் போர்வையை விரித்தார்கள். முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு அது இறுகியிருந்தது. நடு, கவிழ்த்துவைத்த பானை போல நின்றது. காஜாக்கா ஒரு ஓரத்தை அமுக்கினாள், மறு ஓரம் எழுந்தது. நாலைந்து நாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பிறகு ஒரு பிற்பகலில் உட்கார்ந்து, அந்த மஞ்சள் கரை முழுவதையும் தையல் தையலாகப் பிரித்து எடுத்தாள். அந்த இடத்தில் தன்னிடமிருந்த நீலத்தில் வேறு கரை வைத்தாள். அதற்கு வெளியே தன் முறைக்கு உண்டான கரையையும் வைத்து, செப்டம்பரில் அனுப்பிவிட்டாள்.

ஒருத்தர் தைத்ததை அவரைக் கேட்காமல் இன்னொருத்தர் பிரிக்கக் கூடாது என்பது தையல்கடையில் எழுதப்படாத சட்டம். பத்து வருடமாக அந்தக் கடைக்கு வேலை செய்தவளுக்கு அது தெரியாததல்ல. தொப்பைக்காகத்தான் பிரித்தேன் என்று அன்று சொன்னாள், இன்றும் அதையேதான் சொல்கிறாள். பிரித்த மஞ்சள் பட்டைகளை அவள் எறியவில்லை. பழைய காலண்டர் தாள்களுக்கு நடுவே மடிப்பு விழாமல் வைத்து, டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டிருந்தாள். அதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

அக்டோபரில் போர்வை திரும்பி வந்தது. புதுக் கரை ஏதும் இல்லை. உள்ளே இருந்த கடிதத்தை அண்ணன் உரக்கப் படிக்கத் தொடங்கி, இரண்டாவது வரியில் நிறுத்தி, அவள் கையில் கொடுத்துவிட்டார்.

"பாப்பா சட்டை உங்க கண்ணுல முள்ளாக் குத்திடுச்சுன்னு புரிஞ்சுக்கிட்டேன் அண்ணி. போர்வை உங்க வீட்டுலயே முடியட்டும். எனக்கு வேண்டாம்."

காஜாக்கா கடிதத்தை மடித்தாள். கட்டிலைக் கீழே இறக்கிப் போட அண்ணனுக்கு ஒரு கை கொடுத்தாள். தையல்கடைக்குக் கொடுக்க வேண்டிய சட்டைகள் நாலு இருந்தன, அவற்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

போர்வை இப்போது அவளுக்கே சொந்தம். ரயிலடிக்கு முந்தின நாள் எந்த முனையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாளோ, அது கேட்காமலே வீடு தேடி வந்துவிட்டது. ஆனால் அதைத் தொடக் கை வரவில்லை. பஞ்சு வாங்கி வைத்து முடித்துவிடேன் என்று அண்ணன் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். முடித்துவிட்டால் முடிந்துவிடும் என்றாள். அது பரணுக்குப் போயிற்று. போர்த்த என்று தொடங்கிய போர்வை, அதுவரை ஒரு ஆளைக்கூடப் போர்த்தியிருக்கவில்லை.

அண்ணன் மட்டும் வருடத்துக்கு ஒருமுறை தங்கை வீட்டுக்குப் போய் வந்தார். திரும்பி வந்ததும் காஜாக்கா, ரயிலில் கூட்டமா என்று கேட்பாள். அங்கே வாலு, உங்கள் ஊரில் மழையா என்று கேட்டிருப்பாள். அதற்கு மேல் இரு பக்கமும் ஒரு வார்த்தை வராது. "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் வானிலை அறிக்கை வாசிக்கிறவனா ஆயிட்டேன்" என்று அவர் ஒருநாள் அலுத்துக்கொண்டார். மழைமாதத்தில் மூடாத ஜன்னல் பலகைக்குக் காஜாக்கா ஒரு சாக்கை மடித்து வைத்தாள்.

இப்படியே 1982 வந்தது.

அந்த வருடம் தையல்கடைக்கு மருத்துவமனை ஒன்றிலிருந்து தலையணை உறைகள் தைக்க ஆர்டர் கிடைத்தது. வேலை மலையாகக் குவிந்ததால், வெட்டுகிற வேலையில் பாதியைக் கடைக்காரர் காஜாக்காவிடம் கொடுத்தார். நீளம் முப்பது அங்குலம், வேறு கணக்கே இல்லை. பெட்டியிலிருந்து தன் பாதி நாடாவை எடுத்தாள். அந்த நாடாத் துண்டின் முழு நீளத்துக்கு ஒரு வெட்டு. இரண்டு நாளில் அறுபது உறைக்கு வெட்டி, தோளில் போட்டுக்கொண்டு போய்க் கடையில் இறக்கினாள்.

கடைக்காரர் ஒன்றை மேசையில் விரித்து, தன் இரும்பு அளவுகோலை வைத்தார். இன்னொன்றை விரித்தார். பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"முப்பதுன்னு சொன்னேன். எல்லாத்துலயும் அரை சேர்த்துக் குடுத்திருக்கீங்க. உங்க வீட்டு இஞ்சுக்கு மட்டும் தீனி போட்டு வளர்க்கிறீங்களா?"

அவள் விடுவதாயில்லை. என் நாடாவில் அளந்தது, தப்பே வராது, உங்கள் இரும்புதான் தேய்ந்திருக்கும் என்றாள். கையோடு கொண்டுவந்திருந்த நாடாவை எடுத்து மேசையில் போட்டாள். கடைக்காரர் அதை அளவுகோலை ஒட்டி நீவி வைத்தார். முப்பது என்ற எண் முப்பதில்தான் இருந்தது. அதற்கு அப்பால், எண்ணில்லாத மஞ்சள், அரை அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தது.

கடைக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். போனால் போகிறது, பெரிதாக இருந்தால் தலையணைக்குக் காற்று வரும் என்று சமாதானம் சொல்லி, மேசை இழுப்பறையிலிருந்து ஒரு புது நாடாவை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். அவள் அதைத் தொடவில்லை.

"அறுபதுல முப்பதரை போனா மீதி எவ்வளவு?"

"இருபத்தொன்பதரை. ஏன் காஜாக்கா?"

அவள் பழைய துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

வீடு வந்து சேர்வதற்குள் கணக்கு முழுவதும் அவிழ்ந்துவிட்டது. ரயிலடியில் அவசரத்தில் போட்ட வெட்டு முப்பதில் விழவில்லை, அரை அங்குலம் தள்ளி விழுந்திருந்தது. எண்ணைப் பார்க்காதே, ஒரு துண்டு என்றால் முப்பது என்று சொன்னவளும் அவள்தான். அவள் துண்டு நீளம். அதனால் அவள் அளந்து எழுதிய அளவு எப்போதும் குறைவு, அவள் வெட்டிய பட்டை எப்போதும் அதிகம். வாலுவின் துண்டு குட்டை. அவள் எழுதிய அளவு அதிகம், வெட்டிய பட்டை குறைவு. அவரவர் நாடாவை வைத்து அவரவரே போர்வையை அளந்து வெட்டியிருந்தால் தப்பே தெரிந்திருக்காது. ஒருத்தி அளக்க ஒருத்தி வெட்டியதால், கரைக்குக் கரை அது கூடிக்கொண்டே போயிருக்கிறது. அலையும் தொப்பையும் வந்தது இப்படித்தான். பத்து வருடச் சண்டை மொத்தமும் அந்த அரை அங்குலத்துக்குள் இருந்தது.

தொப்பைக்குக் காரணம் கிடைத்துவிட்டது. ஆனால் பிரித்ததற்குக் காரணம் அதில் இல்லை என்பதும் படியேறும்போதே அவளுக்குத் தெரிந்திருந்தது.

அன்றே பரணிலிருந்து போர்வை இறங்கிற்று. அண்ணன் கட்டிலைத் தூக்கி நிறுத்தினார். காஜாக்கா முதலில் தான் வைத்த கரையைப் பிரித்தாள். பிறகு மஞ்சளுக்குப் பதிலாக வைத்த நீலத்தையும் பிரித்தாள். டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து காலண்டர் தாள்களை எடுத்து விரித்தாள். மஞ்சள் கொஞ்சம்கூட மங்கியிருக்கவில்லை. அண்ணன் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், செய்தித்தாளை எடுத்துக்கொண்டு நடைக்குப் போய்விட்டார்.

புதிதாகத் தைப்பதைவிடக் கடினமான வேலை அது. வாலுவின் பழைய ஊசித் துளைகள் துணியில் இன்னும் இருந்தன. அந்தத் துளைகளிலேயே ஊசியை இறக்க வேண்டும் என்று அவள் வைராக்கியம். பட்டை எட்டாத இடத்தில் வாலு இழுத்தது போலவே இழுத்தாள். சரிசெய்யக் கை பரபரக்கும் ஒவ்வொரு இடத்திலும் அடக்கிக்கொண்டாள். வாலுவின் தையல் ஓரிடத்தில் கோணிப் போய்த் திரும்பியிருந்தது. பாப்பா அழுதிருப்பாள், எழுந்து போய் வந்து உட்கார்ந்திருப்பாள். அந்தக் கோணலையும் அப்படியே தைத்தாள். அங்கே மட்டும் மூன்று முறை கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது. முடிந்ததும் விரித்துப் பார்த்தாள். தொப்பை பழையபடி நிமிர்ந்து நின்றது.

தன் முறைக்கான கரையை அவள் வைக்கவில்லை. கடைசியாக, நூல்வெட்டும் கத்தரியை எடுத்து, தன் நாடாவில் முப்பதுக்கு அப்பால் இருந்த அரை அங்குலத்தை வெட்டினாள். கடிதத்தாளில் அதை ஒரே ஒரு தையல் போட்டு நிறுத்தி, கீழே எழுதினாள்:

"உன் அரை இஞ்ச் பத்து வருஷமா என்கிட்டதான் இருந்திருக்கு. எனக்கே தெரியாது. பாப்பா கரையை உன் அளவுலயே திரும்ப வெச்சிட்டேன். பிரிச்சது மட்டும் தெரிஞ்சு செஞ்சது. என் முறையை விட்டுட்டேன், நீயே வை."

ஒரு கரை குறைந்திருந்தும் அஞ்சலகத்தில் 7.90 கேட்டார்கள். ஆறு வருடத்தில் கூலி ஏறிவிட்டிருந்தது. அண்ணன் கொடுத்துவிட்டு ரசீதை மடித்துக்கொண்டார்.

பிறகு காத்திருப்பு. தபால்காரர் சைக்கிளைக் கீழே கடையில் சாய்த்து நிறுத்தும் ஓசை காஜாக்காவின் காதுக்கு மட்டும் தனியாகக் கேட்கும். அந்த நேரத்தில் அவளுக்கு மாடிப்படியைப் பெருக்குகிற வேலை வந்துவிடும். தபால்காரர் அவளைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போவார். படி அவ்வளவு சுத்தமாக இருந்ததே இல்லை என்று சைக்கிள் கடைக்காரர் சொன்னார். அக்டோபர் போயிற்று. ஆறு வருடம் வாயைத் திறக்காதவள் ஒரு துண்டு நாடாவுக்கா திறப்பாள் என்று காஜாக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒருநாள் காஜா எடுக்கும்போது, இருபது வருடக் கைப்பழக்கத்தையும் மீறி, கடைக்காரர் வைத்த புள்ளிக்குப் பக்கத்தில் வெட்டிவிட்டாள்.

பதில் வந்தபோது அவள் படியில் இல்லை, கடைக்குப் போயிருந்தாள். அண்ணன் பிரிக்காமல் வைத்திருந்தார். நீங்களே படியுங்கள் என்று சொல்லிவிட்டுக் காஜாக்கா சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். அவர் முதலில் மனதுக்குள் படித்துப் பார்த்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, பழையபடி உரக்கப் படித்தார்:

"அண்ணி, அரை இஞ்ச் கிடைச்சுது. என் துண்டோட ஒட்டு வெச்சுத் தெச்சேன். தையலுக்கு அடியில கால் இஞ்ச் போயிடுச்சு. இன்னும் கால் இஞ்ச் நீங்க பாக்கி. அதை நேர்லயே வாங்கிக்கிறேன். இவருக்கு உங்க ஊருக்கே மாத்தலாயிருக்கு, இருபத்தெட்டாம் தேதி காலை வண்டி. போர்வையை பார்சல் போடல, என் மடியில கொண்டு வர்றேன். முள்ளுன்னு எழுதினது என் கை. அதை உங்களால பிரிக்க முடியுமான்னு தெரியல. முடிஞ்சா பிரிச்சிடுங்க, இந்தத் தடவை நான் கோவிச்சுக்க மாட்டேன். கட்டிலைத் தூக்கி நிறுத்தி வைங்க. பாப்பாவுக்கு அவ மஞ்சளைக் காட்டணும்."

அன்று பதினேழாம் தேதிதான். கட்டிலை அன்றே தூக்கி நிறுத்திவிட்டார்கள். பதினொரு நாள் இருவரும் தரையில் படுத்தார்கள்.

வாலு இரண்டு தெரு தள்ளி வீடு பார்த்துக்கொண்டாள். கடைசிக் கரையின் நாலு பக்கத்தில் இரண்டை இந்த வீட்டிலும் இரண்டை அந்த வீட்டிலும் வைத்துத் தைத்ததால், போர்வை யாருக்குச் சொந்தம் என்பது இன்றுவரை தீரவில்லை. பஞ்சு வைத்து அழுத்தித் தைத்த பிறகும் நடுவில் தொப்பை கொஞ்சம் நிற்கத்தான் செய்தது. படுப்பவரின் வயிற்றுக்கு நேராக அது வருவதால் வசதி என்று அண்ணன் சொன்னார். மழைமாதத்தில் ஒரு வாரம் இங்கே, ஒரு வாரம் அங்கே. கைக்குள் இடுக்கிக்கொண்டு நடந்தே கொண்டுபோய்விடலாம், கூலி கிடையாது. பாப்பாவுக்கே இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். தலைமுதல் கால்வரை அது அவர்களுக்குப் போதும். துணி மெலிந்து, பழைய துண்டுகள் சில வெறும் நூலாகிவிட்டன. மஞ்சள் மட்டும் அப்படியே இருக்கிறது. காஜாக்காவும் வாலுவும் நாள் தவறாமல் நேரில் சந்திக்கிறவர்கள், எழுத வேண்டிய அவசியம் அதற்குப் பிறகு வரவே இல்லை.

வாலு எழுதிய கடைசிக் கடிதம் வந்து சேர்ந்த தேதி: 17.11.1982.